இரண்டு விரல் பிரேக்

முன்சக்கரத்தைக் கழற்றின பிறகு மோட்டார் சைக்கிளைப் பார்க்க அமலோற்பவத்துக்குக் கூச்சமாக இருந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் துணி விலகிக் கிடக்கிறவரை வாசலில் நின்று பார்த்துவிட்ட மாதிரி. கண்ணை எடுத்து மழையைப் பார்த்தாள். வடசேரியில் காலையிலிருந்து நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. இங்கே தூறினால் மேலே கீரிப்பாறை மலையில் கொட்டும். அங்கே கொட்டினால் ரப்பர் இலை உதிர்ந்து ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டின இலைமேல் டயர் ஏறினால், வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். நினைக்க வேண்டாம் என்று சொல்லும்போதே நினைப்பு முந்திக்கொண்டு வந்து உட்காரும், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவனைப் போல. மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் இரண்டே நாள். அதற்கப்புறம் விசைப்படகெல்லாம் கடலுக்குப் போகும், சாளையும் அயிலையும் வந்து குவியும், அவள் விடிவதற்குள் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலை ஏறவேண்டும். ஏறுவதற்கு என்ன, கழுதைகூட ஏறும். இறங்குவதல்லவா. "எக்கா, இங்க பாருங்க," என்றான் மாகீன். மெக்கானிக். முன்சக்கரத்தின் டிஸ்க்கைக் கழற்றி, பூசைத் தட்டை நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினான். "வெரல வச்சுத் தடவிப் பாருங்க." தடவினாள். வட்டம் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது, ஓரத்தில் மட்டும் வயல் வரம்பு மாதிரி மேடு. இந்தப் பள்ளத்தில் ஒன்றுகூடத் தன்னுடையது இல்லை என்று அவளுக்குத் தெரியும். எல்லாம் அவள் புருசன் சூசை பிடித்துப் பிடித்துத் தேய்ந்தது. "இத லேத்துல குடுத்து, மேலாக ஒரு பிடி செத்தி எடுத்தா ஆவாதா மக்களே?" என்று கேட்டாள். "ஒருமட்டம் செத்தியாச்சுல்லா. அண்ணாச்சி ஓட்டுன காலத்துல நாந்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். இனியும் செத்துனா பப்படம் ஆயிரும். மலை எறங்கும்போ சூட்டுல கோணி, ஒடஞ்சு தெறிச்சுன்னு வைங்க, எனக்கு ராத்திரி ஒறக்கம் வராது." "எனக்கு இப்பமே வரல்ல," என்றாள் அவள். அவன் சிரித்தான். அவள் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

பழைய டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கனமாகத்தான் இருந்தது. இவ்வளவு கனம் உள்ளதை மெலிந்துபோச்சு என்கிறான். மெலிவது வெளியே தெரியாது என்பது உண்மைதான், சூசையும் அப்படித்தான் மெலிந்தார், வேட்டி கட்டும்போது ஒரு சுற்று கூடுதலாக வரும்வரை அவளுக்கே தெரியவில்லை. பன்னிரண்டு வருசம் இந்த வண்டியில் மீன் கொண்டுபோனவர். வலது கையில் நடுவிரலும் ஆட்காட்டி விரலும் எப்போதும் பிரேக் லீவரின்மேல் சும்மா படுத்திருக்கும், பூனை ஜன்னல் விளிம்பில் படுத்திருக்கிற மாதிரி. பின்னால் உட்கார்ந்து அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டு வருவாள். வளைவு வரும், அந்த விரல்கள் அசைந்தது தெரியாது, வண்டி மட்டும் அமைதியாகி இறங்கும். அந்த வலது கைதான் போன வருசத்துக்கு முந்தின வருசம் கார்த்திகையில், காலையில் காப்பி கிளாஸை எடுக்கப்போய், எடுக்காமல் நின்றுவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணி, "ஏட்டி" என்றார், அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பேச்சு வந்துவிட்டது. கால் வந்துவிட்டது, கம்பு ஊன்றி முற்றம்வரைக்கும் போகிறார். கைதான் வரவில்லை. டாக்டர் ஒரு பஞ்சுப் பந்து கொடுத்து, அமுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார். "நா என்ன அங்கன்வாடிப் பிள்ளையா," என்று சூசை அதைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தார். அவள் எடுத்துக் கொடுப்பாள், அவர் எறிவார். அந்த வீட்டில் பந்து விளையாட்டு அது ஒன்றுதான். ஆனால் சாயங்காலம் வெளியே யாராவது மோட்டார் சைக்கிளில் போனால், கட்டில் விளிம்பில் கிடக்கிற அந்த இரண்டு விரலும் கொஞ்சம் மடங்கும். அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தேன் என்று சொன்னால் நின்றுவிடுமோ என்று சொல்லவில்லை.

வண்டி ஓட்டச் சொல்லித் தந்ததும் அவர்தான், கம்பை ஊன்றிக்கொண்டு, தேவாலயத்து மைதானத்தில் நின்று. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள், நாற்பத்தாறு வயதில் படித்த படிப்பு அது. "ஏட்டி, முன்னால ரெண்டு வெரலு, பின்னால கால மெல்ல வை. ரெண்டும் ஒண்ணா. ஒத்தக் காலுல நடக்கக்கூடாது." மைதானத்தில் நன்றாகத்தான் நின்றது. அப்புறம் முதல்தடவை தனியாகக் கீரிப்பாறை போன அன்றைக்கு, ரப்பர் தோட்டத் தொழிலாளிகளின் லயன் வீடுகளுக்குப் போகிற சரிவில், இரண்டு விரலையும் வைத்து அமுக்கினாள், வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று. சத்தம்கூட இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் போகிற பிள்ளை மாதிரி அது தன்பாட்டுக்குப் போயிற்று. காலை மிதித்து, செருப்பைத் தரையில் உரசி, தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற பெண்கள் சுற்றி நின்றுகொண்டு, "என்ன அமலம், மீனு உசுரோட இருக்கோ," என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், முன் பிரேக் தனக்கு இல்லை. அது சூசையின் கையோடு பழகின சாமான், தன் கைக்கு அடங்காது. சில மாடு அப்படித்தானே, ஒருத்தர் கைக்குத்தான் கறக்கும். அதற்கப்புறம் கால் பிரேக்தான். பின்சக்கரத்துப் பிரேக் கட்டை நாலு மாதம்கூட தாங்காமல் தேய்ந்தது. மாற்றும்போதெல்லாம் மாகீன் கேட்பான், "எக்கா, முன்னால ஒண்ணு வச்சிருக்கே, அது என்ன அலங்காரத்துக்கா?" அவள் பேச்சை மாற்றிவிடுவாள். அது நிற்காது என்று சொன்னால், ஓட்டிப் பார்ப்பான், அவன் கைக்கு நிற்கும், அப்புறம் அவளைப் பார்ப்பான். அந்தப் பார்வை வேண்டாம் என்றுதான்.

தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் நடந்ததைத்தான் நினைக்க வேண்டாம் என்று காலையிலிருந்து தள்ளிவைத்திருந்தாள். இப்போது அது வந்தேவிட்டது. மழை விட்ட நேரம். காலிப் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தாள். வளைவில் எதிரே ஒரு ஜீப். காலை மிதித்தாள், பின்சக்கரம் பூட்டிக்கொண்டது, வண்டி வால் வீசுகிற மீனாகப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், பெட்டி ஒருபக்கம், அவள் ஒருபக்கம். ரப்பர் மரம் ஒன்று தோளைத் தாங்கிக்கொண்டது. மரத்தில் கட்டின சிரட்டையிலிருந்த பால் தலையில் கொட்டி, அதை முடியிலிருந்து உருட்டி உருட்டி எடுக்க இரண்டு நாளாயிற்று. மரத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை. கீழே ஆற்றுச் சத்தம்தான் இருந்தது. வீட்டில் போய், கோழி குறுக்கே வந்தது என்றாள். சூசை ரொம்பநேரம் அவள் முழங்கையைப் பார்த்துவிட்டு, "கோழிக்கு அடி பட்டுதா?" என்று மட்டும் கேட்டார். பக்கத்து வீட்டு ஸ்தனிஸ்லாஸ் அன்றைக்கே வந்து நின்றான், "மைனி, வண்டிய குடுக்கதுன்னா எனக்குத் தாங்க," என்று. கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டுத் தலைச்சுமையாகப் பஸ்ஸில் போகலாம், அவள் அம்மா போனாள், அம்மாவின் அக்கா போனாள். ஆனால் விடியல் பஸ் தடிக்காரன்கோணத்தோடு நிற்கும், மேலே நடந்தால் மீன் வெந்துபோகும், பதினொரு மணிக்குமேல் வந்த மீனை யார் வாங்குவார்கள். மலை போனால் பிழைப்பு பாதி போயிற்று. மாதாவே, இன்றைக்கு முன் பிரேக்கைச் சரிசெய்து, அது என் கைக்கு நின்றால் வண்டி எனக்கு. நிற்கவில்லையென்றால் சாயங்காலமே சாவியை ஸ்தனிஸ்லாஸிடம் கொடுத்துவிடுகிறேன். அப்படித்தான் இன்றைக்குக் காலையில் மாதா சொரூபம் இருக்கிற கெபியின் முன்னால் நின்று சொல்லிவிட்டு வந்தாள். சொல்லிவிட்டு, அங்கே எரிகிற விளக்கின் எண்ணெயைச் சின்னக் குப்பியில் நிரப்பி, பையில் வைத்துக்கொண்டாள். சரிசெய்து மாட்டினதும் வண்டிக்கு ஒரு சொட்டு வைக்க வேண்டும்.

மாகீன் புது டிஸ்க்கைக் காகிதத்திலிருந்து பிரித்தான். பளபளவென்று, நடுநடுவே ஓட்டை போட்டு, வெள்ளித் தோடு மாதிரி இருந்தது. "நல்லாருக்கே," என்று கையை நீட்டினாள். "தொடாதீங்க, தொடாதீங்க," என்று அவன் பின்வாங்கினான். "கம்பெனியிலேருந்து வரும்போ துருப்பிடிக்காம இருக்க ஒரு எண்ண தடவி அனுப்புவான். அத மொதல்ல தொடச்சு எடுக்கணும். நம்ம கையில உள்ள பிசுக்குகூட இதுல ஆவாது. இதுக்கு என்ன குணம்னா, மேலுக்கு எண்ண பட்டா போச்சு." ஒரு புதுத் துணியை எடுத்து, புட்டியிலிருந்து ஏதோ மருந்து ஊற்றி, குளிப்பாட்டின குழந்தையைத் துடைக்கிற மாதிரித் துடைத்தான். துணியைத் திருப்பிக் காட்டினான், மஞ்சளாக ஒரு கறை. மறுபடி துடைத்தான். கறை வராதவரைக்கும் துடைத்தான். அவன் கையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் காதில் விழுந்தது உள்ளே போய்ச் சேரவில்லை. பழைய பேட்டை எடுத்து அவன் தன் மூக்கருகில் வைத்து முகர்ந்தான், டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற அந்தக் கட்டைகளை. கறுப்பாக, கண்ணாடி மாதிரி மின்னிற்று. "இது தேயவே இல்ல, வெந்துபோயிருக்கு. எண்ண குடிச்சிருக்கு. எவனோ பஞ்சர் ஒட்டுன சவம், கிரீஸ் கையோட தொட்டிருக்கான். வேற எங்கயும் வண்டிய விடாதீங்கன்னு சொன்னா கேக்கதில்ல." "நா வேற எங்கயும் விடல்லியே." "பின்ன எண்ண வானத்துலேருந்து ஒழுகுச்சா?" சக்கரத்தை ஏற்றி, போல்ட்டை இறுக்கி, புதுப் பேட்டைச் செருகிவிட்டுக் கையைக் கழுவினான். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் மழைக்குள்ளிருந்து வந்தது. "தொழுதுட்டு வாறேன். டீ சொல்லிட்டுப் போறேன், குடியுங்க. வண்டிய எடுத்துராதீங்க, இன்னும் பிரேக்கு ஏறல்ல." துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினான்.

இப்போது வண்டியும் அவளும்தான். இதுதான் நேரம். அவன் இருக்கும்போது செய்தால் கேலி செய்வான், நல்ல பிள்ளைதான், ஆனாலும் வாய் சும்மா இருக்காது. பையிலிருந்து குப்பியை எடுத்தாள். மூடியைத் திறந்ததும் கெபியின் வாசம் வந்தது, திரி கருகின வாசம், வாடின பிச்சிப்பூ வாசம். ஆட்காட்டி விரலில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டாள். எப்போதும் வைக்கிற வரிசை உண்டு: முதலில் ஹேண்டில் பார், அப்புறம் பெட்டி, கடைசியில் குனிந்து முன்சக்கரத்து டிஸ்க்கில், சிலுவையாக. மாதத்தில் முதல் வெள்ளி தவறாமல். முதல்தடவை தனியாகப் போகிறதற்கு முந்தின நாள் தொடங்கினது. சூசையின் விரல் நம்பினது அதைத்தானே, மாதா அங்கேதான் காவல் இருக்க வேண்டும் என்று, அங்கே மட்டும் கொஞ்சம் தாராளமாக. டேங்குக்குப் பக்கத்தில் போய் நின்ற நாளுக்கப்புறம் இன்னும் தாராளமாக. பயம் கூடக் கூட எண்ணெயும் கூடிற்று. குனிந்தாள். டிஸ்க் அவ்வளவு சுத்தமாக இருந்தது, அவள் முகம் கலங்கலாக அதில் தெரிந்தது. துணியில் கறை வராதவரைக்கும் துடைத்தானே. அவ்வளவு பாடுபட்டுத் துடைத்ததன்மேல் எண்ணெய் வைத்தால் அவனுக்கு வருத்தமாக இருக்கும் என்று தோன்றிற்று. அது என்ன, ஒரே ஒரு சொட்டு. இது கடை எண்ணெய் இல்லை, கம்பெனிக்காரன் தடவினதும் இல்லை, கோயில் எண்ணெய். கோயில் எண்ணெய் என்று பேட்டுக்குத் தெரியுமா. பேட் எண்ணெய் குடிச்சிருக்கு என்றான். எவனோ சவம் என்றான். வானத்திலிருந்து ஒழுகிச்சா என்றான். விரல் அங்கேயே நின்றது, டிஸ்க்குக்கு ஒரு நெல் இடைவெளியில். எண்ணெய் பட்டா போச்சு. எது போச்சு? நிற்கிறது போச்சு. வழுக்கிக்கொண்டு போயிற்றே, சத்தமில்லாமல், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல். மைதானத்தில் நின்றதே. மைதானத்தில் நின்றபோது எண்ணெய் வைத்திருக்கவில்லை. மலைக்குப் போகிறதற்கு முந்தின நாள்தான் வைத்தாள். முந்தின நாள்தான். விரலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, சொட்டு விழுந்துவிடாமல் இடது உள்ளங்கையை அடியில் ஏந்திக்கொண்டு நிமிர்ந்தாள். முதுகு வலித்தது. மாதாவே, நான்தானா. ஒன்றரை வருசமாக நான்தான் அதன் கையைப் பிடித்துக்கொண்டு, நிற்காதே நிற்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தேனா. அழுகை வரும் என்று பார்த்தாள், வந்தது சிரிப்பு. அதுவும் எப்படி, மூக்கு வழியாக. டீ கொண்டுவந்தவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அப்படியென்றால் வண்டி அவளை வெறுக்கவில்லை. சூசையின் கைக்கு ஒன்று, தன் கைக்கு ஒன்று என்று அது பார்க்கவில்லை. இந்த நினைப்பு உள்ளே இறங்க இறங்க, உடம்பில் எங்கேயோ ரொம்பநாளாக இறுக்கிக் கட்டியிருந்த கயிறு ஒன்று கொஞ்சம் தளர்ந்தது. உடனே அடுத்த பயம் வந்தது: மாதா கோபித்துக்கொள்வாளோ, எண்ணெய்மேல் பழி போட்டேன் என்று. ஆனால் எண்ணெயை எங்கே வைக்கவேண்டும் என்று அவளா சொன்னாள்? நெற்றிக்கு என்றுதானே எல்லாரும் கொண்டுபோகிறார்கள். விரலை நெற்றியில் வைத்துத் தேய்த்தாள். மிச்சத்தை முடியில் துடைத்தாள். அப்புறமும் திருப்தி வராமல், மாகீனின் சோப்பை எடுத்து இரண்டு கையையும் முழங்கைவரை கழுவினாள்.

அவன் வந்ததும், "மக்களே, அந்த டிஸ்க்குல எண்ண பட்டா என்ன ஆவும்?" என்று தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "வண்டி நிக்காது எக்கா. ஒங்க மாதா எறங்கிவந்து பிடிச்சு நிறுத்துனாத்தான் உண்டு." "நிறுத்தத்தான் செஞ்சா," என்றாள் அவள். ரப்பர் மரம் தோளில் பட்ட இடத்தைத் தன்னையறியாமல் தொட்டுக்கொண்டாள். அவனுக்குப் புரியவில்லை. "ஏறி ஒக்காருங்க. லீவர அமுக்குங்க." அமுக்கினாள். லீவர் சொத்தென்று ஹேண்டில்வரைக்கும் வந்து ஒட்டியது, எதிர்ப்பே இல்லாமல். "ஐயோ, இதுவும் இல்லியே." "பதறாதீங்க. பேட்டு இன்னும் தூரத்துல நிக்கி. விட்டு விட்டு அமுக்குங்க, பக்கத்துல வரும்." அமுக்கினாள், விட்டாள். அமுக்கினாள், விட்டாள். மூன்றாவதோ நாலாவதோ, விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று திரும்பி அமுக்கியது. இன்னும் ஒருதரம். இப்போது அது கெட்டியாக இருந்தது, கையைப் பிடித்தால் பதிலுக்குப் பிடிக்கிற கை மாதிரி. மாகீன் பின்னால் போய்ப் பார்த்து, "லைட்டும் எரியி," என்றான். "முன் பிரேக்கத் தொட்டாலே பின்னால எரியுமா?" "தொட்டாப் போதும். கைப்பிள்ள அமுக்குனாலும் எரியும்." அந்தச் சொல் அவள் மனசில் போய் எங்கேயோ தங்கியது. "நீயே ஒருமட்டம் ஓட்டித் தந்திரேன்," என்றாள். "நா மாட்டேன். இன்னைக்கு முழுசா பிடிக்காது. புது டிஸ்க்கும் புது பேட்டும் ஒண்ணுக்கொண்ணு பழகணும், கல்யாணம் ஆன புதுசு மாதிரி. குளத்தங்கரை ரோட்டுல போய், கொஞ்சம் வேகம் எடுத்து, மெல்லப் பிடிச்சு விடுங்க. நிறுத்தாண்டாம். பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டு. நா பழக்குனா எனக்குக் கேக்கும். ஓட்டுகது நீங்கல்லா."

மழை விட்டிருந்தது. குளத்தில் தாமரை இலையெல்லாம் தண்ணீரை ஏந்திக்கொண்டு நின்றன. ரோட்டில் ஆள் இல்லை. இரண்டு விரலையும் லீவரின்மேல் வைத்தாள். வைத்தது வைத்தபடி கொஞ்சதூரம் போனாள், அமுக்காமல். இந்தத் தென்னை வரட்டும். தென்னை போயிற்று. அடுத்த தென்னை. அதுவும் போயிற்று. என்ன அமலம், மீனு உசுரோட இருக்கோ. கண்ணை மூடத் தோன்றிற்று, வண்டி ஓட்டுகிறவள் கண்ணை மூடலாமா, லூசு. அமுக்கினாள். முன்னாலிருந்து யாரோ நெஞ்சில் உள்ளங்கையை வைத்த மாதிரி இருந்தது. கொஞ்சம்தான். வழுக்கவில்லை. விட்டாள். மறுபடி. சரசரவென்று ஒரு சத்தம், அரிசி களைகிற சத்தம். பழகுகிறது போல. ஆரம்பத்தில் இதைவிடச் சத்தம் போட்டுத்தான் அவளும் சூசையும் பழகினார்கள், பாத்திரமெல்லாம் பறந்தது. பிடித்தாள், விட்டாள். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. குளம் முடிந்து ரோடு இறக்கமாகத் திரும்புகிற இடத்தில், அவள் நினைக்காத நேரத்தில், ரயில்வே கேட் மணி அடித்து, சிவப்புக் கட்டை இறங்கத் தொடங்கியது. முன்னால் ஒரு சைக்கிள் நின்றது. கால் தன்பாட்டுக்குத் தேடியது, பழைய பழக்கம், கண்ணுக்குள் ஜீப் வந்தது, மரம் வந்தது, ஆற்றுச் சத்தம் வந்தது. விரல்கள் மடங்கின. அவள் சொல்லி மடங்கவில்லை, அதுகளாகவே. காலும் மெல்லப் போய்ச் சேர்ந்துகொண்டது. ரெண்டும் ஒண்ணா. வண்டி முன்பக்கம் தலையைக் குனிந்து, நெற்றியில் எண்ணெய் வாங்கிக்கொள்கிறவரைப் போலக் குனிந்து, நின்றது. பின்சக்கரம் வால் வீசவில்லை. அவள் குப்புற விழவில்லை. சைக்கிளுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம்.

ரயில் இன்னும் வரவில்லை. மழை பெய்யட்டும். இலை ஒட்டட்டும். மெல்லப் போனால் போயிற்று. ஸ்தனிஸ்லாஸிடம் என்ன சொல்ல? ஒன்றும் சொல்ல வேண்டாம், சாவியை இடுப்பில் பார்த்தால் அவனுக்கே தெரியும். பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. "எக்கா, நின்னாச்சுல்லா, பிரேக்க விடுங்க. லைட்டு கண்ணுல குத்துகு," என்று டிரைவர் சத்தம் போட்டான். குனிந்து பார்த்தாள். இரண்டு விரலும் இன்னும் லீவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன, முட்டி வெளுத்துப்போய். தொட்டாப் போதும், கைப்பிள்ள அமுக்குனாலும் எரியும். பஞ்சுப் பந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கட்டும். வீட்டுக்குப் போனதும் வண்டியை முற்றத்தில் ஸ்டாண்டு போட்டு, புது பிரேக்கை நீரு ஒருமட்டம் பிடிச்சுப் பாரும், எனக்கு ஒண்ணும் தெரியல்ல என்று சூசையை ஏற்றி உட்கார வைக்க வேண்டும். பார்க்கச் சொன்னால் பார்ப்பார், வண்டி விஷயத்தில் அவருக்குப் பொறுக்காது. அந்த இரண்டு விரலையும் அவள்தான் எடுத்து லீவரில் வைக்க வேண்டியிருக்கும். வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், வண்டிக்குப் பின்னால் போய், லைட்டுக்கு நேராக நின்றுகொள்ள வேண்டும். "எக்கா!" என்றான் ஆட்டோக்காரன். "கொஞ்சம் இரி மக்களே, இப்பம்தான் பிடிச்சிருக்கு," என்றாள் அமலோற்பவம். விரலை எடுக்கவில்லை.